நல்ல ரங்கு

சந்திரம்மா: ...அதான் கேக்கறேன் கன்னையா, இது இன்னா வாசன? சுண்ணாம்பு வாசன இல்லியே.

கன்னையா: சுண்ணாம்பு இது கிட்டயே வரக்கூடாதுக்கா. ஒரு சொட்டு பட்டாப் போதும், சாம்பக் கலராப் பூடும். இது தேங்கா சிரட்டக் கரி. வேலம்பிசின்ல கொழச்சு நாலு பூச்சு பூசிக்கீறேன்.

சந்திரம்மா: கரியா? நடு வீட்டுலயா?

கன்னையா: வெளக்கு மசியும் போடலாம்க்கா. ஆனா தொட்டா கைல ஒட்டிக்கும். தாரு போட்டா நாறும், வெயில் பட்டா அழுவும். சிரட்டக் கரிதான் கெட்டி. அப்பால கூழாங்கல்லு வெச்சுத் தேய்ச்சேன் பாருங்க, தோள்பட்ட கழண்டுபூச்சு.

சந்திரம்மா: இரு, இரு. மூணு நாளா கோணி கட்டி மறைச்சுக்கினு, "தூசிக்கா, இந்தப் பக்கம் வராதீங்க"ன்னு சொல்லிக்கினு இருந்தது... சுவத்துக்குக் கறுப்பு அடிக்கத்தானா?

கன்னையா: அண்ணன் சொன்னதுதானக்கா. திருப்பதிக்கு பஸ் ஏறச்ச சீட்டு எழுதிக் குடுத்தாரு. நல்ல ரங்கு போடுன்னு.

சந்திரம்மா: நல்ல ரங்கு... அடப்பாவி! நல்ல ரங்குன்னா நல்ல ரங்கு!

கன்னையா: அதத்தானக்கா அடிச்சிக்கீறேன்.

சந்திரம்மா: ரங்குன்னா கலரு, சரி. ஆனா உங்க தெலுங்குல நல்லன்னா கறுப்பு. எங்க தமிழ்ல நல்லன்னா நல்லது! பாலு கணக்கா, சந்தனம் கணக்கா ஏதாவது அடின்னு எழுதிக்கீறாரு அந்த மனுசன்!

கன்னையா: ...அட தேவுடா.

சந்திரம்மா: இன்னா தேவுடா? தெலுங்கு ராஜ்ஜியம், தமிழ் ராஜ்ஜியம்னு எல்ல பிரிக்கறோம்னு இத்தினி வருசமா ஊர் ஊரா வந்து கணக்கெடுத்தாங்களே... இந்த ஒத்த வார்த்தையில எங்க கல்லு நடுவாங்க, சொல்லு!

கன்னையா: சிரிக்காதீங்கக்கா. சீட்டுல நல்ல ரங்குன்னுதான் கீது. நான் இன்னா பண்ணட்டும்?

சந்திரம்மா: எங்க, அந்தச் சீட்ட இப்படிக் குடு... ம்ம்... ஆமா. "நடு வீட்டுச் சுவத்துக்கு நல்ல ரங்கு போடு." அவரு எழுத்துதான். குண்டு குண்டா.

கன்னையா: அக்கா, அந்தச் சீட்டு...

சந்திரம்மா: சீட்டுக்கு இன்னா?

கன்னையா: ஒண்ணுமில்லக்கா. சீட்டக் குடுங்க, மடிச்சு வெச்சுக்கறேன்.

சந்திரம்மா: அத வெச்சு இன்னா பண்ணப் போறே? மத்தியான பஸ்ஸுக்கு அவரு வந்துடுவாரு. நடு வீட்டுல கறுப்பப் பாத்தாருன்னா உன்ன நகரி வரைக்கும் தொரத்துவாரு.

கன்னையா: அப்ப வெள்ள அடிச்சுடட்டாக்கா? மூணு பூச்சுல மறஞ்சுடும்.

சந்திரம்மா: அடி, அடி. சீக்கிரம்... இரு.

கன்னையா: ஏன்க்கா?

சந்திரம்மா: அந்தச் சுவத்து மாடத்துல இருக்கறது இன்னா?

கன்னையா: சொம்புக்கா. பித்தள சொம்பு. நீங்க வெச்சதுதான்.

சந்திரம்மா: அதுக்குக் கழுத்தாண்ட ஒரு நசுங்கல் கீதா?

கன்னையா: கீதுக்கா. சின்னதா.

சந்திரம்மா: அரை நெல்லிக்கா அளவுக்கு. இல்ல?

கன்னையா: அவுன்க்கா. அத்தே அளவு.

சந்திரம்மா: ...போன தீபாவளிக்கு என் கையில இருந்து வுழுந்துது கன்னையா. அந்த நசுங்கல நான் தடவித்தான் பாத்துக்கீறேன். கண்ணால பாக்கறது இப்பத்தான்.

கன்னையா: அக்கா...

சந்திரம்மா: பேசாத. கொஞ்ச நேரம் பேசாத... அய்யோ, சுவத்துக்குள்ள இன்னொரு சொம்பு கீதே!

கன்னையா: அது நெழலுக்கா. கல்லு தேய்ச்சதுல பளபளப்பு ஏறிடுச்சு. கண்ணாடி கணக்கா காட்டுது.

சந்திரம்மா: ரெண்டு சொம்பு. எனக்கு! ஒண்ணே தெரியாம இருந்தவளுக்கு ரெண்டு... தோ பாரு, என் கைய முன்னால நீட்டறேன். வளையலு பச்ச. பச்சதான?

கன்னையா: பச்சதான்க்கா.

சந்திரம்மா: வளையக்காரன் பச்சன்னு சொன்னான், நம்பிப் போட்டுக்கினேன். கடைசில அவன் பொய் சொல்லல.

கன்னையா: எவ்ளோ நாளா இப்படிக்கா?

சந்திரம்மா: வருசம் ஆவப் போவுது. எல்லாம் வெள்ள கன்னையா. சுவரு வெள்ள, தூணு வெள்ள, வாசல்ல வெயிலு வெள்ள. நான் பாலுக்குள்ள நடந்துகினு இருக்கேன். தூணுல இடிச்சுக்கினா, மாடு முட்டிச்சுன்னு சொல்லிடுவேன். பாவம், அந்த மாடு இன்னிக்கு வரைக்கும் யாரையும் முட்டினதில்ல.

கன்னையா: இப்ப கண்ணு கூசலியா?

சந்திரம்மா: கூசல! தொறந்து வெச்சுக்கினு நிக்கறேன், பாரு. மலமேல உள்ள போய் நின்னா எப்படி இருக்கும்... சுத்தி இருட்டு, ஒரே ஒரு வெளக்கு. அந்த இருட்டு இருக்கறதாலதான பெருமாளு அப்படித் தெரியறாரு? அங்க நிக்கறா மாதிரி இருக்குடா. நம்ம வூட்டுலயே.

கன்னையா: இன்னாக்கா சொல்றீங்க! நான் வெறும் கரிதான் பூசினேன்.

சந்திரம்மா: நீ பூசினது கரிதான். அதுக்குள்ள யாரு வந்து நின்னாங்களோ.

கன்னையா: அண்ணனுக்குத் தெரியுமா... உங்க கண்ணு?

சந்திரம்மா: தெரியக்கூடாது! சத்தியம் பண்ணு.

கன்னையா: அக்கா, அவரு கோவக்காரரு இல்லியே.

சந்திரம்மா: கோவப்பட்டாத் தாங்கிக்குவேன். எங்க மாமியாருக்குக் கண்ணு போச்சு. மூணு வருசம் கையப் புடிச்சுக்கினு கொல்லைக்கும் கெணத்துக்கும் இட்டுக்கினு போனது அவருதான். ஒரு நாளு மொகம் சுளிச்சதில்ல. அந்த மனுசனுக்கு மறுபடியும் அந்த வேல வாணாம்.

கன்னையா: அப்ப இந்தச் சுவரு?

சந்திரம்மா: அதான் தெரியல. வெள்ள அடிச்சா மறுபடியும் பாலு. கறுப்பாவே இருக்கட்டும்னா, ஏன்னு கேப்பாரு. எந்தப் பொம்பள நடு வீட்டுல கறுப்பு கேப்பா?

எத்திராஜ்: சந்திரா! ஏம்மே, வூட்டுல யாரும் இல்லியா? தண்ணி கொண்டா!

சந்திரம்மா: அய்யய்யோ, வந்துட்டாரு. நீ வாயத் தொறக்காத... வந்துட்டேங்க! வாசல்லயே நில்லுங்க, தூசியா கீது... இந்தாங்க சொம்பு.

எத்திராஜ்: இந்தப் பக்கம் நீட்டு. நான் இங்க கீறேன்.

சந்திரம்மா: வெயிலுங்க. உங்க முதுவுக்குப் பின்னால தீயா எரியுது... சந்தன வாசன வருதே?

எத்திராஜ்: மலமேல பூசினாங்க.

கன்னையா: அண்ணா, நமஸ்காரம். தல...

எத்திராஜ்: தலவலியா? இன்னும் வரல. நீ இருக்கச்ச வராமயா பூடும்... அடேய்! அது இன்னாடா அது?

சந்திரம்மா: கத்தாதீங்க. சொல்றேன்.

எத்திராஜ்: எழவு வூட்டுல கூட இப்படி அடிக்க மாட்டானே! நான் மூணு நாளு ஊர்ல இல்லன்னா வூட்ட பொகைக்கூண்டா மாத்திட்டியா?

சந்திரம்மா: அவன் மேல தப்பு இல்ல. நீங்க நல்லன்னு எழுதினீங்க, அவன் நல்லன்னு படிச்சுட்டான்.

எத்திராஜ்: ஓகோ. அப்ப தப்பு எம்மேலதான்.

சந்திரம்மா: நான் அப்படிச் சொன்னேனா? இருந்துட்டுப் போவட்டும்னு சொல்றேன். பொகை படிஞ்சாக் கூட தெரியாது.

எத்திராஜ்: நடு வீட்டுல இன்னா பொகை? நீ இங்க ரயிலு வுடறியா?

சந்திரம்மா: எண்ணக் கை பட்டாத் தெரியாது.

எத்திராஜ்: சுவத்துல எண்ண தேய்க்கற பழக்கம் நம்ம வூட்டுல யாருக்குக் கீது?

சந்திரம்மா: நம்ம பெருமாளே கறுப்புதானங்க.

எத்திராஜ்: அவருக்குப் பட்டு கீது, வைரம் கீது. எஞ்சுவத்துக்கு இன்னா கீது, பல்லிதான். கன்னையா, சுண்ணாம்பு கொழ.

சந்திரம்மா: வாணாம்!

எத்திராஜ்: ஏன் வாணாம்?

சந்திரம்மா: ...பாவம், மூணு நாளு அரைச்சிக்கீறான். அவன் கையப் பாருங்க.

எத்திராஜ்: நீ பாத்தியா அவன் கைய?

சந்திரம்மா: பாக்காம?

எத்திராஜ்: சரி. உக்காந்து ஒரு முடிவு பண்ணலாம். இப்படிச் சுவரோரமா குந்தறேன். ஒட்டுமாடா இது?

கன்னையா: ஒட்டாதுண்ணா. சாஞ்சே உக்காருங்க.

எத்திராஜ்: ம். சொல்லு சந்திரா. ஏன் வாணாம்?

சந்திரம்மா: அதான் சொன்னேனே, அவன் கை...

எத்திராஜ்: சொல்லு.

சந்திரம்மா: இருங்க... உங்க தல.

எத்திராஜ்: தலைக்கு இன்னா?

சந்திரம்மா: முடி எங்க? மீசை எங்கங்க? சந்தனம்... அய்யோ, மொட்டத் தல பூரா சந்தனம். காதோரத்துல அந்த மரு. கண்ணாலத்து அன்னிக்குப் பாத்த மரு, அப்படியே கீது... சிரிக்கறீங்களா? நீங்க சிரிக்கறீங்க!

எத்திராஜ்: கன்னையா, நான் வந்து எவ்ளோ நேரம் ஆவுது?

கன்னையா: கால் மணி இருக்கும்ணா.

எத்திராஜ்: தண்ணி குடுத்தா. சந்தனம் மோந்தா. எங்கூட மல்லுக்கு நின்னா. மொட்ட இப்பத்தான் தெரியுதாம்.

சந்திரம்மா: ...அடுப்புல கொழம்பு கீது. பாத்துட்டு வரேன்.

எத்திராஜ்: அடுப்பு அணைஞ்சு ரொம்ப நேரம் ஆவுது. உக்காரு. எதிர்ல உக்காரு, நான் தெரியற எடத்துல.

சந்திரம்மா: எப்பத்துல இருந்து தெரியும் உங்களுக்கு?

எத்திராஜ்: தை மாசத்துல இருந்து. மோருக்கு உப்புன்னு கோலமாவப் போட்டே.

சந்திரம்மா: அய்யோ! குடிச்சுட்டீங்களா?

எத்திராஜ்: குடிச்சேன். அரிசி மாவுதான, கூழு மாதிரி இருந்துது.

சந்திரம்மா: ஏன் ஒரு வார்த்த கேக்கல?

எத்திராஜ்: நீ ஏன் ஒரு வார்த்த சொல்லல?

சந்திரம்மா: உங்கம்மாவுக்குப் பட்டது போதாதா உங்களுக்கு? திரும்பியும் ஒரு கைய வேற புடிச்சுக்கினு...

எத்திராஜ்: பாரம்னு எப்பனா சொன்னேனா? கடைசி வருசம் அவங்களுக்கு என் மொகம் சமையக்கட்டுல மட்டும்தான் தெரிஞ்சுது. பொகை புடிச்ச சுவரு. வெளிய எங்க நின்னாலும் "யாரு?"ம்பாங்க. அங்க போய் நின்னாத்தான் "வந்துட்டியாடா"ம்பாங்க. அந்த ஒத்த வார்த்தைக்காக நான் நாளைக்குப் பத்துத் தபா சமையக்கட்டுக்குப் போவேன். நீ கூட, சோத்துக்கு அலையறேன்னு திட்டுவே.

சந்திரம்மா: ...எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது.

எத்திராஜ்: நானும் சொல்லலியே.

சந்திரம்மா: அப்ப மொட்ட எதுக்கு? எல்ல விசயமா மனு குடுக்கறேன்னுதான போனீங்க? திருத்தணி தமிழ்ப் பக்கம், நம்ம ஊரு தெலுங்குப் பக்கம்னு முடிஞ்சே பூச்சே.

எத்திராஜ்: மனுதான் குடுத்தேன். கீழ இருக்கற ஆபீசருக்கு இல்ல, மலமேல இருக்கற பெரியவருக்கு. கையில காயிதம் இல்ல, முடியக் குடுத்தேன்.

சந்திரம்மா: எங்கண்ணுக்கா?

எத்திராஜ்: வேற யாரு கண்ணுக்கு? வர்ற வாரம் வேலூரு கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம். கண்ணுல பொர வுழுந்துதுன்னா எடுக்கறாங்களாம்.

சந்திரம்மா: கத்தி வெப்பாங்களேங்க.

எத்திராஜ்: வெப்பாங்க. நான் பக்கத்துல இருப்பேன்.

சந்திரம்மா: வேலூரு அந்த ராஜ்ஜியமாச்சே.

எத்திராஜ்: கண்ணுக்கு எந்த ராஜ்ஜியம்மே? பஸ்ஸு போவுதுல்ல?

கன்னையா: சித்தூர்ல எறங்கி மாறணும்ணா. நானும் கூட வரேன். ஒரு கைய நீங்க புடிங்க, ஒரு கைய நான் புடிக்கறேன்.

சந்திரம்மா: ரெண்டு பேரும் இப்படி இழுத்தா நான் எங்க ஓடறது... வரேன். வரேங்க. அது வரைக்கும் இந்தச் சுவரு இருக்கட்டும்.

எத்திராஜ்: அதுக்கு அப்பாலயும் இருக்கட்டும்.

சந்திரம்மா: நெனச்சுப் பாருங்க. ஒரு வார்த்த மாறிப்போச்சு. அந்தத் தப்புக்குள்ள பூந்து பெருமாளு உங்க மொகத்த எனக்குக் காட்டிட்டாரு.

எத்திராஜ்: தப்பா? கன்னையா, உனக்குத் தமிழ் படிக்க வருமா?

கன்னையா: பேசத்தாண்ணா வரும். எழுத்து ஒண்ணு கூடத் தெரியாது.

சந்திரம்மா: தெரியாதா? அப்ப அந்தச் சீட்டு? நான் படிச்சேனே!

கன்னையா: மன்னிச்சுடுங்கக்கா. நீங்க தலகீழாப் புடிச்சுக்கினு படிச்சீங்க. சீட்டு தெலுகு எழுத்துல கீது. அப்ப சொல்ல எனக்கு வாயி வரல.

சந்திரம்மா: ...நீங்களா எழுதினீங்க, தெலுங்குல? நான் தெரியாமயே ஒரு வரி படிச்சா மாதிரி சொன்னேன். இன்னும் கீதா அதுல? படி கன்னையா.

கன்னையா: தமிழ்லயே சொல்றேன்க்கா... "கன்னையா, நடு வீட்டுச் சுவத்துக்குக் கறுப்பு அடி. சந்திரா கேட்டா, தமிழ் 'நல்ல'ன்னு நெனச்சுக்கட்டும், வுட்டுடு. நான் திட்டுவேன், திட்டு வாங்கிக்கோ. நான் திரும்பி வரச்ச, அவ கண்ணுக்கு நான் தெரியணும்."