ஒளித்துவைக்க முடியாத மெழுகுவத்தி

— கதவை மெதுவா சாத்து சபைனா, மணி அடிக்கப் போகுது. தெருவே திரும்பிப் பார்க்கும்.

— மெதுவாத்தான் சாத்தினேன். அது தானா அடிக்குது. உன் கடைக் கதவு, உன் கடை மணி. நான் என்ன பண்ண, டீலியா.

— பேரைச் சொல்லாதே. நீ என் பேரைச் சொன்னா நான் பதில் சொல்லணும். பதில் சொன்னா உன்கிட்ட பேசினதா ஆயிடும்.

— முதல்ல பேரைச் சொன்னது நீதான்.

— வாய் தவறிப் போச்சு. இனிமே நான் இந்தத் தராசுகிட்ட பேசறேன், உன் காதுல விழுந்தா விழட்டும். தராசே, பெரிய சந்தை நாளும் அதுவுமா, நாலு ஊர் சனம் கிறிஸ்மஸ் சாமான் வாங்க வந்திருக்கற நேரத்துல, குத்தகைக்காரங்க சங்கம் விலக்கி வச்ச வீட்டுக்காரி என் கடைக்குள்ள வந்து நிக்கறாளே, மாதாவே, இவளுக்குப் புத்தி இருக்கா?

— தராசு என்ன சொல்லுது?

— போயிடச் சொல்லுது.

— சரி விடு. வந்த வேலையைச் சொல்லிட்டுப் போறேன். எல்லாரும் சதுக்கத்துல வாத்து விலை பேசிக்கிட்டு நிக்கறாங்க. அதான் இந்த நேரம் பார்த்து வந்தேன்.

— அது என்ன கூடைக்குள்ள? அசையுது.

— வாத்து. உனக்கு வருஷா வருஷம் கொண்டு வர்ற மாதிரி.

— உயிரோடவா கொண்டு வந்தே?

— கழுத்தைத் திருக எங்க வீட்டுக்காரருக்கு மனசு வரலை. இந்த வருஷம் பூரா எங்க வீட்டு ஆளுங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசின ஒரே உசுரு இதுதான்.

— சிரிக்க வைக்காதேடி. நான் சிரிச்சா அடுத்தது அழுதுடுவேன், உனக்குத் தெரியும்.

— நானும் தராசுகிட்டதான் சொன்னேன்.

— ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோம். என் கல்யாணத்துக்கு நீதான் தோழி. இப்ப உன்னை எதிர்ல வச்சுக்கிட்டு பித்தளைத் தட்டைப் பார்த்துப் பேசற நிலைமை. எல்லாம் உன் வீட்டுக்காரரால வந்தது. ரோடி லவெலை குடும்பத்தோட வெளிய தள்ளிட்டு துரை எடுத்துக்கிட்ட நிலம். அதை யாரும் குத்தகைக்குத் தொடக்கூடாதுன்னு சங்கம் கோயில் வாசல்ல நின்னு சொல்லிச்சு. ஊருல ஒருத்தன் தொடலை. ஃபெஸ்டஸ் கோயன் மட்டும் போய் மாட்டைக் கட்டினாரு.

— எங்க மாட்டுக்குப் புல் இல்லை.

— யார் மாட்டுக்கு இருந்துச்சு?

— சரி விடு. அவரு செஞ்சது தப்பு. நானே அன்னிக்கு அவர்கிட்ட சொன்னேன். ஆனா அவரு செய்ய வேண்டியதையும் செஞ்சாச்சு. அதுக்கு மேல என்ன செய்யறது?

— என்னத்தைச் செஞ்சாரு. மாட்டை வெளிய விடாம தொழுவத்துல பூட்டி வச்சிருக்காரு, அதானே. நிலம் காலியாக் கிடக்கு, பயந்துட்டான், வசந்தம் வந்ததும் திரும்ப ஓட்டிட்டு வருவான்னு சங்கத்துல பேசிக்கறாங்க.

— பேசறவங்க பேசட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்.

— டீயா? சர்க்கரையா? கால் பவுண்டு டீ வேணா பாவாடை மடிப்புல சொருகிக்கோ. நான் அந்தப் பக்கம் திரும்பி உப்பு மீனை அடுக்கறேன். எனக்குத் தெரியாது.

— டீ ருசியே நாக்குக்கு மறந்து போச்சு. பால் இருக்கு, உருளைக்கிழங்கு இருக்கு, முட்டைக்கோஸ் இருக்கு, நாங்க சாகலை. மெழுகுவத்தியை மட்டும் மண்ணுல நட்டு எடுக்க முடியலை. பெரிய சிவப்பு மெழுகுவத்தி ஒண்ணு கொடு. ஜன்னல்ல வைக்கற மாதிரி.

— மாதாவே.

— பக்கத்து ஊருக்குப் போய்ப் பார்த்தேன். எங்க பேரு எனக்கு முன்னாடியே அங்க போயிருக்கு. ரயிலடி தூரத்துக்கு எங்க கழுதை தாங்காது, கூட்டிப் போக எந்த வண்டிக்காரனும் வரலை, கால்வே பட்டணத்துக்கும் போக வழியில்லை.

— சாதா மெழுகுவத்தி இருக்குமே வீட்டுல?

— கொழுப்புத் திரிதான் இருக்கு. கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி ஜன்னல்ல அதையா வைக்கறது? எனக்காகக் கேக்கலைடி. என் மக சீலிக்காக. வீட்டுல சின்னவதானே ஏத்தணும், போன வருஷம் அவதான் ஏத்தினா. பள்ளிக்கூடத்துல அவ பெஞ்சுல ஒரு பிள்ளையும் உக்கார்றதில்லை. அதைக்கூடப் பழகிக்கிட்டா. போன வாரம் ஒருத்தி சொல்லியிருக்கா, மாதாவும் சூசையப்பரும் இடம் தேடி வரும்போது உங்க வாசல்ல மட்டும் நிக்க மாட்டாங்க, சங்கம் அவங்களுக்கும் சொல்லியாச்சுன்னு.

— எந்தப் பிசாசு பெத்த பிள்ளை அது?

— உன் தங்கச்சி மகதான். அன்னிலேருந்து சீலி தினமும் கேக்கறா. அவங்களுக்கு யாரும்மா போய்ச் சொன்னது, எந்தக் கூட்டத்துலன்னு. நான் சொன்னேன், ஜன்னல்ல வெளிச்சம் இருக்கற எந்த வீட்டையும் அவங்க தாண்டிப் போக மாட்டாங்கன்னு. இப்ப வெளிச்சத்துக்கு எங்க போறது?

— சபைனா, என்னால விக்க முடியாதுடி. ரொட்டிக்கடை டியர்னி கோடையில உங்க வீட்டுக்கு ஒரு ரொட்டி வித்தான். இன்னிக்கு அவன் ரொட்டியை அவனே தின்னுக்கிட்டிருக்கான்.

— விக்கச் சொல்லலை. இத்தனை வருஷமா அந்த மெழுகுவத்தியை நான் காசு கொடுத்தா வாங்கினேன்? வாடிக்கைப் பெட்டியில வச்சு நீயே கொடுப்பியே, கேக்கு, டீ, மெழுகுவத்தின்னு.

— அது வருஷம் பூரா நம்ம கடையில வாங்கினவங்களுக்குக் கடை கொடுக்கற மரியாதை. நீ வாங்கலியே.

— நீ விக்கலியே. சங்கத்துத் தீர்மானம் என்ன சொல்லுது? கோயன் வீட்டுக்கு யாரும் எதையும் விக்கக் கூடாது, வாங்கக் கூடாது, பேசக் கூடாது. சும்மா கொடுக்கக் கூடாதுன்னு இருக்கா?

— நீ ஆம்பளையாப் பிறந்திருந்தா டப்ளின்ல வக்கீலாகி இருப்பேடி. இரு. யோசிக்க விடு. கொடுக்கக் கூடாதுன்னு இல்லை. இல்லைதான். அதை எழுதினவர் என் வீட்டுக்காரர், எனக்குத் தெரியும். கூடையைக் காட்டு. வாத்துக்கு அடியில வச்சுடறேன். ஐயோ, கொத்துதே.

— பழகினா கொத்தாது.

— வைக்கோலை மேல இழு. தெரியுதா? தெரியலை. பின்வாசல் வழியா போயிடு. வாத்தை... இரு. இரு சபைனா. இதை எங்க ஏத்துவே?

— ஜன்னல்ல.

— மேட்டு மேல இருக்கற வீடு உன்னுது. கீழ இருக்கற ஊரு பூரா பார்க்கும்.

— பார்க்கத்தானேடி ஏத்தறது.

— அதைத்தான் சொல்றேன். இவ்வளவு பெரிய மெழுகுவத்தி இந்தச் சுத்துவட்டாரத்துல என் கடையில மட்டும்தான். டீன்னா கதவைச் சாத்திக்கிட்டுக் குடிச்சுடலாம். சர்க்கரைன்னா கரைஞ்சு போயிடும். இதை எங்க கொண்டு போய் ஒளிப்பே? மறுநாள் காலைப் பூசைக்கு முன்னாடியே எங்க கடை ஜன்னல் கண்ணாடி கல்லடி பட்டுப் போயிடும். உன் வீட்டுப் பின்பக்க ஜன்னல்ல வச்சா?

— பின்பக்கம் பன்றிக் கொட்டடி. மாதா அந்தச் சேத்துல இறங்கியா வரணும்?

— திரையை இழுத்து விட்டுட்டு ஏத்து.

— திரைக்கு உள்ள ஏத்தி என்ன பிரயோசனம். சீலி ரெண்டாவது கேள்வியிலேயே என்னைப் பிடிச்சுடுவா.

— அழாதேடி.

— அழலை. அது இன்னும் அங்கதான் தொங்குதா, கதவுக்குப் பின்னால?

— எது? ஓ. அதுவா. ஊதற மாட்டுக் கொம்புதானே. எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போவாரு, வந்து மாட்டிடுவாரு. நான் தொடறதில்லை.

— எங்க ஆளு தலை கோயில் பக்கம் தெரிஞ்சா எல்லாரும் ஊத ஆரம்பிச்சுடறாங்க. சீலி சத்தத்தை வச்சே சொல்லிடுவா, இது கொல்லன் வீட்டுக் கொம்பு, இது தையக்காரன் க்வின் கொம்புன்னு. இருக்கறதிலேயே பெரிய சத்தம் இதுதானாம்.

— ஊதற யாருக்கும் சந்தோஷம் இல்லைடி. நான் சொல்றதை நம்பு. இந்தக் கல்லாவுக்கு முன்னாடி வந்து நின்னு ஒவ்வொருத்தனும் சொல்றான். பாவம் அந்தப் பிள்ளைங்கறான் க்வின். வேற எவனாவது முதல்ல எழுந்து போதும்னு சொன்னா நானும் கையைத் தூக்கிடுவேன்னு கொல்லன் சொல்றான். கூட்டத்துக்குப் போனா எல்லாரும் அவங்கவங்க பூட்ஸைப் பார்த்துக்கிட்டு உக்காந்துடறாங்க. அந்த ரோடி லவெல் பாஸ்டன்ல டிராம் ஓட்டறான். படம் அனுப்பியிருந்தான், தொப்பை போட்டிருக்கு. அவன் மறந்துட்டான் அந்த நிலத்தை. அவனுக்குப் பதிலா நாங்க மறக்காம இருக்கோம்.

— உன் வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?

— அவரா? அவரு... ஐயோ, மணி. அவருதான். நான் பேசலை, நான் பேசவே இல்லை.

— டீலியா. யாரோட கழுதை வண்டி அது, சந்துல?

— உள்ள வாங்க மாலக்கி. கதவைச் சாத்துங்க.

— அந்தம்மா இங்க என்ன பண்றாங்க?

— நிக்கறாங்க.

— நிக்கறது... நிக்கறதைப் பத்தித் தீர்மானத்துல ஒண்ணும் இல்லை. பேசினியா?

— தராசுகிட்ட பேசினேன்.

— வித்தியா?

— இல்லை.

— அது என்ன சத்தம்?

— வாத்து. நமக்குன்னு கொண்டு வந்திருக்கா, எப்பவும் போல.

— விலக்கி வச்ச வீட்டு வாத்து விலக்கி வச்ச வாத்துதான். திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லு. அப்படியே அந்தம்மாகிட்ட சொல்லு, எனக்கு அவங்க மேல சொந்த விரோதம் எதுவும் கிடையாதுன்னு.

— கேட்டுக்கிட்டுத்தானே நிக்கறா.

— நீ சொல்லு. முறைன்னு ஒண்ணு இருக்கு.

— சபைனா, இவருக்கு உன் மேல விரோதம் இல்லையாம்.

— எனக்கும் இல்லைன்னு சொல்லு. ஒரு சிவப்பு மெழுகுவத்தி கேக்கறேன், அதைக் கூரை மேல ஏறிச் சொல்ற மாதிரி ஏத்தணும், அதுக்கு இவரு ஒரு வழி சொல்லட்டும்னு சொல்லு.

— என்னால முடியாதுன்னு சொல்லு டீலியா. நான் சங்கத் தலைவர் இல்லை. தலைவராலயும் முடியாது. தீர்மானம் போட்டப்ப எங்க கையில இருந்துச்சு. இப்ப இல்லை. இப்ப அதுதான் எங்களைப் பிடிச்சிருக்கு. எவன் முதல்ல எழுந்து போதும்னு சொல்றானோ, அவனைப் பார்த்து பக்கத்துல இருக்கறவன் கேப்பான், கோயன் உனக்கு என்னடா கொடுத்தான்னு.

— நீங்க எழுந்துக்கங்களேன். பார்த்துடலாம்.

— இன்னிக்கு வாத்தை வாங்கிக்கிட்டு நாளைக்கு எழுந்துக்கச் சொல்றியா?

— சீலியை பள்ளிக்கூடத்துல என்ன சொன்னாங்க தெரியுமா உங்களுக்கு? மாதாவும் சூசையப்பரும்கூட அவங்க வாசல்ல நிக்க மாட்டாங்களாம். சங்கம் தடுத்திருக்காம்.

— நான் அந்தப் பிள்ளைக்கு ஞானத்தகப்பன், டீலியா.

— அது எனக்குத் தெரியும்.

— ஞானஸ்நானத்தன்னிக்கு மெழுகுவத்தியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது இந்தக் கைதான். மெழுகு சொட்டி, கை சுட்டுது. அந்தத் தழும்புகூட இருக்கு.

— அப்ப அந்தக் கையை வச்சு ஏதாவது பண்ணுங்க.

— சபைனா.

— என்னங்க, நேரா பேசறீங்க.

— கொஞ்சம் சும்மா இரு டீலியா. சபைனா, கேளும்மா. ஒரே ஒரு வழி இருக்கு. நிலத்தை விட்டுட்டேன்னு ஃபெஸ்டஸ் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். தனியா என்கிட்ட இல்லை, கோயில் வாசல்ல, நாலு பேர் நடுவுல. யாரும் எழுந்திரிக்க வேண்டாம், யாரும் கை தூக்க வேண்டாம். அந்த ஒரு வார்த்தையோட தீர்மானம் தானா விழுந்துடும். அன்னிக்கே நான் மெழுகுவத்தியைத் தூக்கிட்டு உன் மேட்டுக்கு நடந்தே வர்றேன். இதுக்கு மேல நான் என்ன செய்ய? வீம்பு பிடிச்ச மனுஷன் வாயைத் திறக்க மாட்டேங்கறாரே.

— நிஜமாவே கேக்கறீங்களா?

— இது என்ன கேள்வி?

— இல்லை, எல்லாம் தெரிஞ்சுதான் பேசறீங்கன்னு நினைச்சேன். தெரிஞ்சும் ஊருக்கு மனசு இறங்கலைன்னு. அதான் கெஞ்சிப் பார்க்கலாம்னு வந்தேன்.

— என்ன தெரிஞ்சு?

— நிலத்தை விட்டாச்சு. வேலிக் கதவுச் சாவியைத் துரையோட ஏஜெண்டுக்கு அனுப்பியாச்சு. தொழுவத்துல மாடு எதுவும் பூட்டி இல்லை, பாதியை வந்த விலைக்கு வெளியூர்க்காரனுக்குத் தள்ளிட்டாரு, மீதிக்கு எங்க சொந்தப் புல்லே போதும். போன மாசம் சகல புனிதர் திருநாள் பூசை முடிஞ்சதும் கோயில் மதில் மேல ஏறி நின்னு, தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு, தொண்டை கிழியச் சொன்னாரு. விட்டுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு. மூணு தடவை.

— மாதாவே. மாலக்கி?

— அன்னிக்கு... மதில் மேல ஏறினது ஞாபகம் இருக்கு. வாய் அசைஞ்சதைப் பார்த்தேன். எங்களைச் சபிக்கறாருன்னுல்ல நினைச்சேன். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கலியேம்மா.

— எப்படிக் கேக்கும். உங்க வாயில கொம்பு இருந்துச்சே.