மண்டாய் இறக்கத்துக்குப் போட்ட பிரேக்

காப்பி நல்லா இருக்குங்க ஐயா. போலீஸ் ஸ்டேஷன் காப்பி கழனித்தண்ணியா இருக்கும்னு எங்க பட்டறை ஆளுங்க சொல்லுவாங்க, சும்மா கதை கட்டியிருக்கானுங்க. நீங்க தமிழ்ல பேசறது இன்னும் வசதி. மலாயிலயும் சொல்லிடுவேன், ஆனா பிரேக்கைப் பத்தி மலாயில பேசினா பாதி விஷயத்தை நான் கையைக் காட்டித்தான் சொல்லணும்.

என்னை யாரும் இழுத்துட்டு வரல, நானாத்தான் வந்தேன். என் மாப்பிள்ளை கோவிந்தசாமியோட ஜீப்பை உங்க ஆளு பிரிச்சுப் பாத்துட்டு, "மெக்கானிக் அஜாக்கிரதையா வேலை பாத்திருக்கான், அதான் மண்டாய் இறக்கத்துல பிரேக் புடிக்கல"ன்னு சொன்னாராம். இந்தச் சேதுபதி சிராங்கூன் ரோட்டுல பட்டறை போட்ட நாள்லேருந்து என் வேலையை அப்படி ஒருத்தன் சொன்னதில்ல. அதை நேர் பண்ணிட்டுப் போகலாம்னு வந்தேன். மத்தபடி உங்க ஆளு மேல எனக்குக் கோவம் கிடையாது. சின்ன வயசு, கத்துக்குவாரு.

மங்களம் என் கூடப்பொறந்த தங்கச்சி. ஜப்பான்காரன் காலத்துல அப்பா சயாம் ரயில் வேலைக்குப் போனவர் திரும்பி வரல. அம்மாவும் காய்ச்சல்ல போயிட்டாங்க. அப்போ மங்களம் சின்னப் புள்ள. மரவள்ளிக்கிழங்கை நான் வேகவச்சு ஊட்டித்தான் அவ வளந்தா. அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கல. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு வீண் அலைச்சல்னு பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட, அவளுக்கு வலிப்பு வரும்னு தனியா சொல்லி அனுப்பிட்டேன். வலிப்பெல்லாம் ஒண்ணும் கிடையாது. கண்டவன் கையில குடுத்துட்டு நான் நிம்மதியா சோறு திங்க முடியுமா, சொல்லுங்க. ஏன் அண்ணே என்னை யாருக்குமே புடிக்கலன்னு ஒருநாள் அழுதா. தலையைத் தடவிக் குடுத்தேன், சரியாப் போச்சு.

இந்தக் கோவிந்தசாமி மண்டாய் கல்லுமலையில கல்லு உடைக்கற ஆளுங்களுக்கு மேஸ்திரி. கல்லு லாரியை ரிப்பேருக்குக் கொண்டாந்தவன், எனக்கு மத்தியானச் சோறு எடுத்துட்டு வந்த மங்களத்தைப் பாத்துட்டான். இவன்கிட்டயும் வலிப்புன்னு சொன்னேன். "இருந்தா என்ன மச்சான், நான் பாத்துக்கறேன்"னுட்டான். அதுக்கு மேல நான் என்ன சொல்றது? பெருமாள் கோயில்ல கல்யாணம் பண்ணி வச்சேன். எல்லாரும் என்னைத்தான் பாராட்டினாங்க. அவளைக் கூட்டிட்டுப் போய் மலை மேல இருக்கற கம்பெனி வீட்டுல வச்சுக்கிட்டான். எனக்குக் கடைச் சாப்பாடு, வயித்துக்கு ஒத்துக்கல. அது கிடக்கட்டும். என்னைப் பத்தி நான் எப்பவும் பெருசா நினைச்சதில்ல.

அவ உண்டானா. ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டாங்க. வளைகாப்பு முடிஞ்சா தலைப்பிரசவத்துக்குப் பொறந்த வீடுதானே? அப்பா அம்மா இல்லாதவளுக்கு என் வீடுதான் பொறந்த வீடு. தொட்டில் கட்ட உத்தரத்துல கொக்கி கூட அடிச்சு வச்சுட்டேன். வளையல் போட்டு முடிச்சு எல்லாரும் சாப்பிடற நேரத்துல கோவிந்தசாமி என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். இந்த ஓட்டை பிரேக்கை நம்பிப் புள்ளத்தாச்சியை இறக்கத்துல கூட்டிட்டு வர எனக்கு தைரியம் இல்ல. டாக்ஸிக்காரனும் இந்த மேட்டுக்கு வரமாட்டேங்குறான். இங்கயே நர்சை வரவச்சுப் பாத்துக்கறேன்."

நாக்கூசாம ஒரு சாக்கு சொல்றான்னு எனக்குப் பட்டுச்சு. பொறந்த வீட்டுக்கு அனுப்ப மனசில்லாதவன் பிரேக் மேல பழியைப் போடறான். உள்ளுக்குள்ள கொதிச்சுப் போச்சுங்க ஐயா. ஆனா நான் கத்தற ஆளு இல்ல. "அதுக்கென்ன மாப்பிள்ளை, வண்டியைப் பட்டறைக்குக் கொண்டாங்க, நல்ல பிரேக்கா போட்டுத் தர்றேன்"னு சொன்னேன்.

அந்த ஜீப்பு யுத்தத்துல வந்தது. பட்டாளத்துக்காரங்க ஏலம் விட்டப்ப எடுத்தது. காடு மேடெல்லாம் ஏறும், எஞ்சின் இரும்பு மாதிரி. பிரேக்கு மட்டும் பொம்மை வண்டிக்குப் போட்டது மாதிரி, சக்கரத்துக்குள்ள குட்டி டிரம்மு. மழைத்தண்ணி பட்டா வழுக்கும். கல்லு ஏத்திட்டு இறங்கறவனுக்கு அது பத்தாது. அந்த விஷயத்துல மாப்பிள்ளை சொன்னது நியாயம்தான். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடையில ஒரு பெரிய வண்டியோட டிரம்மு நாலும் கிடைச்சுது. அதை ஜீப்பு அச்சுல உக்கார வைக்கத் தனியா தகடு வெட்டினேன். பைப்பு எல்லாம் புதுசு. உள்ள பிரேக் எண்ணெய் ஒழுகாம புடிக்கற ரப்பர் எல்லாம் புதுசு. அப்படி ஒரு வேலை நான் அதுக்கு முன்னாடி செஞ்சதில்ல. அதைப் பாத்த பக்கத்துப் பட்டறைச் சீனன், அவன் வண்டிக்கும் இதே மாதிரி போட்டுத் தரச் சொல்லிக் கேட்டான்.

உங்க ஆளு பிரிச்சப்ப கண்டுபுடிச்ச எண்ணெய் விஷயத்துக்கு வர்றேன். பிரேக்குக்குன்னு தனி எண்ணெய் இருக்கு. அதுல எஞ்சின் எண்ணெயைக் கலந்தா ரப்பர் ஊறிப் போகும். அன்னைக்கே ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நாள் ஆகும். பிறகு ஒருநாள் பிரேக்கு சூடேறி, பெடல் தரையோட போய் உக்காந்துக்கும். இது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதுன்னு உங்க ஆளு நினைச்சுட்டாரு பாருங்க, அதான் மனசுக்குக் கஷ்டமா போச்சு. எவ்வளவு கலக்கணும்னு நான் பழைய டப்பாவுல ரப்பரை ஊறப்போட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்தினேன். அஜாக்கிரதையா இருக்கறவன் அதெல்லாம் செய்வானா?

எங்க பட்டறையில ஒரு முறை உண்டு. பிரேக் வேலை பாத்தவன் முதல் ஓட்டத்துல வண்டிக்குள்ள உக்காரணும். அப்பத்தான் வண்டிக்காரன் சாவியை வாங்குவான். நானும் உக்காந்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டு, மண்டாய் இறக்கத்துல மாப்பிள்ளை வேகமா விட்டு மிதிச்சான். ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. மேல நின்னுட்டிருந்த மங்களம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. மாப்பிள்ளை என் கையைப் புடிச்சு, "மச்சான், இனிமே எமன் வந்தாலும் நிறுத்திடலாம்"னான். எனக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

புள்ளத்தாச்சி அந்தக் குலுங்கற வண்டியில ஏறமாட்டா, கல்லுமலைப் பொம்பளைங்களும் ஏத்த விடமாட்டாங்கன்னு கணக்குப் போட்டேன். தினம் இறங்கறவன் அவன் ஒருத்தன்தான். அவன் இல்லன்னா அவ எங்க போவா? என்கிட்ட வருவா. புள்ளையையும் நானே வளத்திருப்பேன். அவளை வளத்தவன்தானே நான்.

அன்னைக்குக் காலையில பக்கத்துக் காப்பிக்கடைக்கு எனக்கு போன் வந்துச்சு. மங்களம் பேசினா. கல்லுமலை ஆபீசுலேருந்து.

"அண்ணே, மீன் வாங்கி வை. நாங்க கிளம்பிட்டோம். 'பிரேக் நல்லா ஆயிடுச்சு, இனிமே என்ன பயம், உன் அண்ணன் ஏங்கிப் போயிருப்பாரு'ன்னு சொல்லி அவரே கூட்டிட்டு வர்றாரு. பிரசவம் முடியற வரைக்கும் அங்கதான் இருப்பேன்."

அவன் சொன்னது சாக்கு இல்லன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நெசமாவே பிரேக்குக்குத்தான் பயந்திருக்கான்.

வேண்டாம், இரு, நான் எப்படியாச்சும் ஒரு டாக்ஸி பேசிக் கொண்டாறேன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, ஏன் மச்சான், நீங்க போட்ட பிரேக்கை நீங்களே நம்பலயான்னு கேப்பான். வேற ஒருத்தன்கிட்ட காட்டுவான். அவன் பிரிச்சுப் பாத்துட்டு ஊர் பூரா சொல்லுவான். அதோட இன்னைக்கேதான் போகும்னு என்ன நிச்சயம்? ரப்பர்தானே, இன்னும் ரெண்டு நாள் தாங்கும்னு நினைச்சேன். "சரிம்மா, மெதுவா வாங்க"ன்னு சொல்லிட்டு போனை வச்சேன். தேக்கா மார்க்கெட்டுல தெங்கிரி மீன் நல்லா வந்திருந்துச்சு. மூணு பேருக்கு வாங்கினேன். அவளுக்குப் புடிச்ச மாதிரி புளி கம்மியா வச்சுக் குழம்பு இறக்கினேன்.

இறக்கத்துல பிரேக் புடிக்காமப் போனதும், மாப்பிள்ளை தன் பக்கம் பாறையில மோதற மாதிரி வண்டியைத் திருப்பியிருக்கான். அவளைக் காப்பாத்தத்தான்னு பாத்தவங்க சொல்றாங்க. இருக்கலாம். அவன் அங்கயே போயிட்டான். ஆஸ்பத்திரியில புள்ளையை எடுத்துப் பாத்தாங்க. ஆம்பளப் புள்ள, மூச்சு இல்ல.

மங்களம் இருக்கா. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லன்னு டாக்டர் சொல்றாரு. உங்க ஆளு சொன்ன அஜாக்கிரதைக் கதை அவ காதுக்கும் போயிருக்கு. இன்னைக்குக் காலையில கஞ்சி எடுத்துட்டுப் போனேன். "அவரு உன்னை அவ்வளவு நம்பினாரே, ஏன் அண்ணே கவனிக்காம விட்டுட்டே?"ன்னு கேட்டா. கத்தியை எடுத்துக் குத்தியிருந்தாக்கூட எனக்கு அப்படி வலிச்சிருக்காது. வளத்த அண்ணனைப் பத்தி அவ மனசுல இப்படி ஒரு நினைப்பு இருக்கலாமா?

அதனால உங்ககிட்ட இப்ப சொன்னது எல்லாத்தையும் முதல்ல அவகிட்ட சொன்னேன். எண்ணெய், ரப்பர், போன், எதையும் மறைக்கல. கவனிக்காம எதையும் செய்யல மங்களம், எல்லாம் உனக்காக யோசிச்சு யோசிச்சு செஞ்சதுன்னு சொன்னேன். கழுத்துல மாவுக்கட்டு, அவளால திரும்ப முடியாது. என் முகத்தையே ரொம்ப நேரம் பாத்தா. பிறகு கண்ணை மூடிக்கிட்டா. நான் ஊட்டின கஞ்சி கடைவாய் வழியா இறங்குச்சு, துடைச்சு விட்டேன். பக்கத்துக் கட்டில்ல இருந்த அம்மா, "பொண்ணு அழுவுது"ன்னு சொன்னாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், அண்ணன் பக்கத்துல இருக்கேன்ல, அந்த நிம்மதியில தூங்கிட்டா.