சீட்டில் எழுதாத சாமான்

— சீட்டுல எழுதினதை மட்டும்தான் வாங்குவேன்னு ஒருத்தர் கடைக்குப் போனா, வீட்டுல உப்பு தீர்ந்துபோனது அவருக்கு எப்படி சார் தெரியும்?

— உப்பையும் சீட்டுல எழுதியிருக்கணும் மேடம். முறைன்னு ஒன்னு இருக்கு. இது தலைப்பு, இது படம்னு இன்ஜினியருங்க ஒவ்வொன்னுக்கும் ஒரு டேக் போட்டு அனுப்பற ஃபைல்லேர்ந்து நாம வாடிக்கையாளருக்குப் புத்தகம் பண்றோம். எதை எங்க அச்சடிக்கணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற ஸ்டைல்ஷீட்டை வாஷிங் மிஷினுக்கு நான் எழுதினா, முதல்ல தலைப்பைக் கொண்டா, அப்புறம் படத்தைக் கொண்டா, அப்புறம் பன்னண்டு படியையும் கொண்டான்னு வரிசையா கேட்டு வாங்குவேன். கேட்டது வரும். கேக்காதது வாசல்லயே நிக்கும்.

— நிக்கும், நிக்கும். போன வருஷம் நின்னுச்சே! புதுசா ‘கவனம்’னு ஒரு டேக் போட்டு, டிரம் சுத்தும்போது கதவைத் திறக்காதீங்கன்னு எழுதி அனுப்பினாங்க. உங்க ஷீட்டு அப்படி ஒன்னைக் கேக்கவே இல்ல. நாலாயிரம் புத்தகம் அச்சாகி வந்தப்புறம் ஆபீசே உக்காந்து துண்டுச்சீட்டு ஒட்டினோம். என் விரல்ல பசை போக மூணு நாள் ஆச்சு.

— அதைச் சொல்லிக் காட்டாம உங்களுக்குப் பொழுது போகாதே. உங்க ஷீட்டு மட்டும் ரொம்ப யோக்கியமாக்கும்?

— ஆமா, யோக்கியம்தான். தலைப்பு வந்தா இப்படிப் போடு, எச்சரிக்கை வந்தா சிவப்புல போடுன்னு ஒவ்வொன்னுக்கும் ஒரு விதி. எது எந்த வரிசையில வந்தாலும் அதுக்கேத்த மாதிரி உக்கார வச்சிடும். யாரையும் வாசல்ல நிக்க வைக்காது.

— விதியே இல்லாத டேக் ஒன்னு வந்தா?

— அதுல இருக்கற எழுத்தும் அப்படியே பக்கத்துக்கு வந்துடும். வந்தா என்ன?

— வந்துதானே மானம் போச்சு! மைக்ரோவேவ் புத்தகத்துல மூணாவது பக்கம் என்ன அச்சாச்சு? ‘நாலாவது பட்டன் எதுக்குன்னு எனக்கே தெரியல, கேட்டுச் சொல்றேன்.’ இன்ஜினியர் தனக்குன்னு கிறுக்கி வச்சுக்கிட்டது!

— ஐயே, ஒரே ஒரு வாட்டி. அதுக்கும் ஒரு வாடிக்கையாளர், கேட்டாச்சான்னு கடிதம் போட்டாரே, ஞாபகம் இருக்கா? பாவம், அவருக்கு இன்னும் யாரும் பதில் போடல.

— உள்ள வரலாமா? ரெண்டே நிமிஷம், ரெண்டே நிமிஷம். என்னப்பா, முடிவாச்சா? காலையிலேர்ந்து இந்த ரூம்ல நடக்கற சண்டையில வெளியில ஒருத்தரும் வேலை பாக்கல.

— எங்க பாஸ்! மேடம் பிடிச்ச பிடியை விட மாட்டேங்கறாங்க.

— இவர் மட்டும் விட்டாராமா பாஸ்?

— யார் பாணியா இருந்தாலும் எனக்கு ஒன்னுதான்மா. ஆளுக்கொரு விதமா எழுதி வச்சிருக்கீங்க, நாப்பது ஷீட்டும் ஒரே மாதிரி ஆகணும். அடுத்த வாரம் இவர் மாற்றல்ல கிளம்பிட்டா எல்லாத்தையும் நீதான் கட்டி மேய்க்கணும். மதியச் சாப்பாட்டுக்குள்ள சொல்லிடுங்க. ரெண்டே நிமிஷம்னு சொன்னேன், போயிட்டேன்.

— போயிட்டார். கதவைச் சாத்துங்க மேடம், அடுத்த ரூம்ல காதை நீட்டிக்கிட்டு இருப்பாங்க.

— சாத்தறேன். சார், ஒன்னு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. யாரும் போகச் சொல்லாத ஊருக்கு எதுக்கு நீங்களா மாற்றல் கேட்டு வாங்கினீங்க?

— அக்கா வீடு பக்கம்.

— அக்கா வீட்டுக்குப் போனா பொண்ணு போட்டோவைக் காட்டியே கொல்றாங்கன்னு நீங்கதானே அலுத்துக்கிட்டீங்க?

— நாப்பத்தெட்டு வயசு ஆளுக்குக் காட்ட இப்போ அக்கா கையில போட்டோவும் இல்ல மேடம். விஷயத்துக்கு வாங்க.

— வரேன். உங்க வாஷிங் மிஷின் ஃபைல் மேல என் ஷீட்டை ஓட்டுவோம். நல்லா வந்தா என் பாணி. கன்னாபின்னான்னு வந்தா உங்க பாணி. அதோட முடிச்சிட்டு சாப்பிடப் போலாம்.

— அந்த ஃபைல் வேணாம்.

— ஏன்?

— அது பழசு. இஸ்திரிப் பெட்டி ஃபைல் இருக்கு, லட்சணமா இருக்கும், அதுல ஓட்டுங்க.

— இஸ்திரிப் பெட்டிக்கு மொத்தமே ரெண்டு பக்கம். அதுல என்னத்தைப் பாக்கறது? உங்களுக்கு ஏன் சார் இப்படி வேர்க்குது?

— ஏசி சரியில்ல.

— எனக்குக் குளிருது. கொஞ்சம் தள்ளுங்க.

— மேடம், சொன்னாக் கேளுங்க. கீபோர்டுலேர்ந்து கையை எடுங்க. மேடம்!

— ஓட்டியாச்சு! பாருங்க, தலைப்பு எவ்வளவு அழகா வந்திருக்கு. படம் வந்துடுச்சு. படி ஒன்று, ‘இயந்திரத்தைச் சமதளத்தில் வைக்கவும்.’ படி இரண்டு, ‘உறைகளை நீக்கவும்.’ அட, அதுக்குக் கீழ இது என்ன? ‘மேடம் இன்னைக்கு லீவு. ஆபீஸ் ஆபீசாவே இல்ல.’

— மூடிடுங்க.

— படி ஐந்து, ‘வடிகுழாயை இணைக்கவும்.’ கீழ, ‘மேடம் சிரிச்சாங்க. என் ஜோக்குக்கு இல்ல, பாஸ் ஜோக்குக்கு. அந்த ஜோக்குல சிரிக்க ஒன்னுமே இல்ல.’

— கால்ல வேணா விழறேன் மேடம்.

— விழுங்க, விழுங்க. படி ஒன்பது. ‘இன்னைக்கு முழுக்க மேடம் பக்கத்துல உக்காந்து துண்டுச்சீட்டு ஒட்டினேன். நாலாயிரம் போதாது.’

— ஐயோ, அதுவும் வந்துடுச்சா?

— எல்லாம் வந்துடுச்சு. படி பன்னிரண்டு. ‘சொல்லிடணும். திங்கக்கிழமை.’ அதுக்குக் கீழ, ‘அடுத்த திங்கக்கிழமை.’ அதுக்குக் கீழ, ‘கண்டிப்பா அடுத்த திங்கக்கிழமை.’ எத்தனை திங்கக்கிழமை சார் இது?

— பதினேழு. அதுக்கப்புறம் எழுதறதையே விட்டுட்டேன்.

— இதை எழுதி வைக்க உங்களுக்கு வேற இடமே கெடைக்கலையா?

— டைரியில எழுதினா அக்கா வந்தப்போ எடுத்துப் படிச்சிடுவா. ஃபோனை ஊர் வாங்கிப் பாக்கும். யாருமே கேக்காத இடம் இது ஒன்னுதான்னு நெனச்சேன். ‘தனி’ன்னு ஒரு டேக் போட்டேன். என் ஷீட்டு அதைக் கேக்காது, அச்சுக்கு வராது, பத்திரமா உள்ளயே கெடந்துச்சு. நீங்க விதியைத் தூக்கிக்கிட்டு வராத வரைக்கும்.

— அதுக்குத்தான் காலையிலேர்ந்து முறை முறைன்னு கத்தினீங்களா?

— பாதி அதுக்கு. மீதிப் பாதி, என் பாணி நிஜமாவே நல்ல பாணி மேடம்.

— ஐயே, இப்பவும் விட மாட்டேங்கறாரு பாரு! மாற்றலும் இதுக்குத்தானா?

— தினமும் எதிர் மேசையில உக்காந்துக்கிட்டு, வாயைத் திறக்கவும் முடியாம, மூடிக்கிட்டு இருக்கவும் முடியாம என்ன பண்றது? எட்டு வருஷமா ஒத்த ஆளா நின்னு பொண்ணை வளர்த்து, இப்பத்தான் அவளை ஹாஸ்டல்ல சேத்துட்டு நிம்மதியா மூச்சு விடறீங்க. உங்ககிட்ட வந்து நான் என்னத்தைச் சொல்ல? நீங்க சிரிச்சிருந்தா தாங்கியிருப்பேன். முகம் வாடிப்போச்சுன்னா என்னால தாங்க முடியாது. பயம், மேடம். வேற ஒன்னும் இல்ல.

— இப்போ என் முகம் வாடியிருக்கா?

— நிமிந்து பாத்தாத்தானே தெரியும். பாக்க தைரியம் இல்ல. உங்க பாணியே ஜெயிச்சிடுச்சுன்னு பாஸ்கிட்ட சொல்லிடறேன். அந்த டேக்கெல்லாம் அழிச்சிட்டு நான் என் வழியில கிளம்பிடறேன்.

— உக்காருங்க. பாதிப் புத்தகத்துல எழுந்து போறது எந்த ஊரு முறை? கடைசிப் பக்கத்துக்குப் போங்க.

— கடைசிப் பக்கம் உத்தரவாதம். எல்லா மாடலுக்கும் அது ஒன்னுதான், அந்தப் பக்கம் நான் எட்டிப் பாத்தே வருஷக்கணக்காச்சு.

— தெரியும். போங்க.

— ‘வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு...’ எல்லாம் சரியாத்தானே வந்திருக்கு. தண்ணி புகுந்தா பொறுப்பில்ல, எலி கடிச்சா பொறுப்பில்ல... இது என்ன, கீழ? இதை நான் எழுதலையே!

— சத்தமாப் படிங்க சார்.

— ‘படிச்சிட்டேன் சார். பதினேழு திங்கக்கிழமையும் படிச்சிட்டேன். எனக்கும் அப்படித்தான் இருக்கு. வாயைத் திறந்து சொல்லுங்க, காத்துக்கிட்டு இருக்கேன்.’ மேடம்... மேடம், இதுல மூணு மாசத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு.

— ஆமா. அன்னைக்கே இந்த ஃபைலை என் ஷீட்டுல ஓட்டிப் பாத்துட்டு, உங்க ‘தனி’ டேக்குலயே பதிலும் எழுதி வச்சேன். மூணு மாசமா தினமும் உங்க முகத்தைப் பாத்தேன். உங்க ஷீட்டு அதைக் கேக்கவே இல்ல சார்.