ஐந்தாம் பாகத்தில் ஒரு சிரிப்பு

இரண்டாம் பாகம் என்றாலே கொஞ்சம் சுமாராகத்தான் இருக்கும். இது ஊருக்கே தெரிந்த விஷயம். மூன்றாம் பாகம் பார்க்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனதைத் தேற்றிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். நான்காம் பாகம் வரும்போது திட்டுவதற்குக்கூட ஆளிருப்பதில்லை. ஒரு படம் பாகம் பாகமாகத் தேய்ந்துகொண்டே போனால் யாரும் போலீசைக் கூப்பிடுவதில்லை. வயதாகிப் போய்ச் சேர்ந்த உயிர் மாதிரி, நாலு வார்த்தை வருத்தப்பட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் ஆடும். இதில் உட்கார். அந்த ஆடுகிறது உன் அப்பாவுடையது. மாற்றித் தருகிறேன் என்று எத்தனையோ தரம் சொன்னேன். "ஆடினாதான்டா தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டான்.

நீ வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டாய். "மாமா, டைரக்டரா அப்பா ஒரே படத்தோட தீர்ந்துபோனவர்னு எல்லாரும் சொல்றாங்க. அஞ்சு பாகத்துக்கும் நீங்கதான் எடிட்டர். நீங்க சொல்லுங்க, அது நிஜமா?" அவன் நினைவுநாளன்று முதல் பாகத்தை மட்டும்தான் திரையிடப் போகிறார்களாம். மற்ற நான்கையும் போட்டால் அவன் மரியாதை கெட்டுவிடும் என்று யாரோ அக்கறையாகச் சொன்னார்களாம். நீயும் தலையாட்டிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறாய். கண் வீங்கியிருக்கிறது. வழியில் அழுதிருப்பாய். அவனும் அப்படித்தான், ஆள் எதிரில் அழமாட்டான்.

பதில் சொல்கிறேன். ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் நான் ஒன்றும் கெட்டவன் இல்லை என்பது உனக்குப் புரியும்.

முதல் பாகத்தை நாங்கள் எடுத்தபோது நீ பிறக்கவில்லை. சாவி தொலைந்த வீடுகளைத் திறந்து கொடுக்கிற பூட்டுக்காரன் ஒருவன். பூட்டில் காதை வைத்துக் கேட்டே திறந்துவிடுவான். கடைசிக் காட்சியில் ஒரு கதவைத் திறக்கிறான், உள்ளே அவனை விட்டுப்போன மனைவி நிற்கிறாள். பார்க்கிறான். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்து அந்தக் கதவை மறுபடி பூட்டிவிட்டுப் போகிறான். சாவி திரும்புவதற்கு முன்னால் அவன் கை ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு கணத்தை எவ்வளவு நேரம் விடுவது என்று முடிவு செய்தது நான்தான். உன் அப்பா அதை எந்த மேடையிலும் மறைத்ததில்லை. "கத்திரி இல்லேன்னா நான் இல்ல" என்பான். கத்திரி என்பது எனக்கு அவன் வைத்த பெயர். சொந்தப் பெயர் சொல்லி அவன் என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எடுத்ததைத் திரும்பப் பார்க்கவே மாட்டான். ஒரு காட்சியை ஏழு எட்டு தடவை எடுப்பான், எது நல்ல டேக் என்று குறித்துக்கூடத் தரமாட்டான். எல்லாவற்றையும் என்னிடம் அனுப்பிவிட்டு, நான் கோத்து முடித்த பிறகுதான் இந்த அறைக்குள் வருவான். "சமையக்கட்டுல எட்டிப் பார்த்தா பசி செத்துப்போயிடும்டா" என்பான். மற்ற இயக்குநர்கள் எடிட்டரின் தோளில் உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்குவார்கள். இவன் கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் கொடுத்தான். அப்படி நம்பியது என் தப்பு இல்லையே.

முதல் பாகம் ஓடி முடிந்ததும் அவன் சொன்னான், அடுத்தது உன் கதைதான் என்று. என்னிடம் ஒரு கதை இருந்தது. என் அப்பாவுடைய கதை. அவருக்குக் காது போய்விட்டது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. நாங்கள் சாப்பாட்டு மேசையில் எதையாவது சொல்லிச் சிரிப்போம். அவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்தி, தானும் சிரிப்பார். அவர் போன பிறகுதான் எங்களுக்கு அது உறைத்தது. இதை ஒரு நாள் அவனிடம் சொன்னபோது அவன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். "இதைப் படமா எடுக்காம விடமாட்டேன்" என்றான்.

அப்புறம் தயாரிப்பாளர் இரண்டாம் பாகம் கேட்டார். உன் அப்பா இதோ இந்த வாசலிலேயே நின்றான், உட்காரவில்லை. "ஒரே ஒரு படம்டா கத்திரி. இதை முடிச்சுக் குடுத்துட்டா நம்ம கதைதான்" என்றான். சரி என்றேன். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. உள்ளுக்குள் எரிந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

படத்தைக் கெடுக்க வேண்டும் என்று நான் திட்டம் போட்டு உட்காரவில்லை. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் பூட்டுக்காரனிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கிற காட்சி. கடைசி டேக்கில் அந்தப் பெண் அழவே இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, கொடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது. அதற்கு முந்தைய டேக்கில் எல்லோரையும் போல் விம்மி அழுதாள். நான் விம்மி அழுததை வைத்தேன். கை கூசியது. பிறகு கூசவில்லை. இரண்டாம் பாகம் ஒன்று சறுக்கினால் போதும், அவனுக்கு அந்தப் பூட்டுக்காரன் சலித்துப்போவான், நம்முடைய படத்துக்குத் திரும்பி வருவான் என்று நினைத்தேன். அவன் நன்மைக்குத்தான்.

உன் அப்பா வந்து பார்த்தான். "வேற டேக் இல்லையாடா?" என்று கேட்டான்.

"இருக்கிறதுலயே இதுதான் நல்லது" என்றேன்.

நம்பிவிட்டான். ஒரு தடவை சந்தேகப்பட்டு, காட்டு பார்க்கலாம் என்று கேட்டிருந்தால் நான் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். அவன் கேட்கவில்லை. அதில்தான் எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.

என் கணக்கு ஒரு இடத்தில் தப்பிவிட்டது. முதல் பாகத்தின் பேரைச் சொல்லியே இரண்டாம் பாகம் ஓடிவிட்டது. பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள், ஆனால் பார்த்தார்கள். உடனே மூன்றாம் பாகத்தை அவன் தலையில் கட்டினார்கள். அவனும் மறுக்கவில்லை. இரண்டாவதில் போன பேரை மூன்றாவதில் மீட்டுவிடுகிறேன் என்றான். மூன்றாவதில் போனதை நான்காவதில் மீட்கிறேன் என்றான். நான் அவனை அந்தக் குழியிலிருந்து வெளியே இழுக்கப் பார்த்தேன், அவன் குழியை ஆழமாக்கிக்கொண்டே போனான்.

மூன்றாம் பாகத்தில் பூட்டுக்காரன் ஹெலிகாப்டரில் தொங்கியதும், செத்துப்போன கூட்டாளிக்கு நான்காம் பாகத்தில் அச்சு அசலாக ஒரு இரட்டைத் தம்பி முளைத்ததும் தயாரிப்பாளரின் கைங்கரியம். அந்தப் பழியை என் மேல் போடாதே. ஆனால் அந்தக் கூத்துக்கு நடுவிலும் உன் அப்பா சின்னச் சின்னதாக நல்லது எடுத்து ஒளித்து வைத்திருந்தான். பூட்டுக்காரன் தெருவில் உட்கார்ந்து ஒரு சிறுமியின் பொம்மைப் பெட்டியைத் திறந்து கொடுப்பான். பெட்டி காலியாக இருக்கும். காலி என்று அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கும். நீளம் என்று சொல்லி அதை எடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு தடவை ஒளிப்பதிவாளர் வாய் திறந்தார். "அந்தப் பெட்டி ஷாட் ரொம்ப நல்லா வந்துச்சே, எங்க போச்சு?" என்றார். ஃபோகஸ் போயிருந்தது என்றேன். ஃபோகஸ் என்றால் அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு அவர் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாவம், நல்ல மனிதர்.

உன் அப்பாவுக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை போனது. எட்டு டேக் எடுத்தவன் முப்பது எடுத்தான். படப்பிடிப்பில் கத்தினான், வீட்டில் வாயே திறக்கவில்லை. உன் பள்ளி ஆண்டு விழாவில் அவனைப் பேசக் கூப்பிட்டபோது பின்வாசல் வழியாகப் போய்விட்டானே, ஞாபகம் இருக்கிறதா? நீ அவனோடு எத்தனையோ நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் மேல் அலட்சியம் என்று நினைத்தாய். அன்று அவன் நேராக இங்கேதான் வந்தான். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா அந்தப் பசங்க முன்னாடி நிக்கறது? என் பொண்ணுக்குத்தான் அசிங்கம்" என்றான். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவனுக்கு என்னை விட்டால் யார் இருந்தார்கள் சொல்லு.

ஐந்தாம் பாகத்துக்கு முன்னால் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவன் கேட்கவில்லை. "இது ஒண்ணு மட்டும் நல்லா வந்துட்டா போதும்டா" என்றான். என்ன கதை என்று கேட்டதற்குச் சிரித்தான். எடுத்து அனுப்புகிறேன், நீயே பார் என்றான்.

வந்ததைப் போட்டுப் பார்த்தேன். பூட்டுக்காரனுக்கு வயதாகிவிட்டது. காது கேட்கவில்லை. பூட்டில் காதை வைக்கிறான், ஒன்றும் கேட்காமல் காதை எடுத்துக்கொள்கிறான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். பிறகு, பிந்தி, சிரிக்கிறான்.

என் அப்பா. ஐந்தாம் பாகத்துக்குள் என் அப்பாவைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தான். கொடுத்த வாக்கை அவன் மறக்கவே இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். அந்த மேசையில் மகளாக நடித்த பெண், சிரிக்கும்போது மூக்கு நுனியைத் தொட்டுக்கொள்வாள். அது உன் பழக்கம். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்து எடுத்திருக்கிறான்.

நான் அழுதேன். வாய்விட்டே அழுதேன். முதல் பாகம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

அழுது முடித்த பிறகு நிதானமாக யோசித்தேன். இது இப்படியே வெளியே போனால் ஒரு கேள்வி வரும். இவ்வளவு நன்றாக எடுக்கத் தெரிந்தவன் நடுவில் மூன்றையும் ஏன் அப்படி எடுத்தான்? ஊர் கேட்காவிட்டாலும் அவன் கேட்பான். பழைய டேக்குகளை எல்லாம் போடச் சொல்வான். பார்த்தால் அவன் மனது தாங்குமா? இதய நோயாளி. அதிர்ச்சி கூடாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

அதனால் பூட்டுக்காரன் பிந்திச் சிரிப்பதை மட்டும் எடுத்துவிட்டேன். மற்றவர்கள் சிரிப்பதிலிருந்து நேராக அவன் சிரித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வெட்டினேன். எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிற ஒரு சாதாரண கிழவனாகிவிட்டான். பூட்டிலிருந்து காதை எடுக்கிற இடங்களையும் அப்படியே வெட்டினேன்.

உன் அப்பா வந்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். மேசைக் காட்சி வரும்போது முன்னால் சாய்ந்தான். காட்சி போய்விட்டது. "பின்னாடி ஓட்டு" என்றான். ஓட்டினேன்.

"பிந்திச் சிரிக்கச் சொன்னேனே. சொன்னேன்ல?"

"நீ சொல்லியிருப்பே. அவர் செய்யல. எல்லா டேக்லயும் சேர்ந்துதான் சிரிக்கிறார்."

"வேற டேக்..."

"இருக்கிறதுலயே இதுதான் நல்லது."

நாற்காலி ஆடுவது நின்றுவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டான். "உன் கதையையே கெடுத்துட்டேன்டா கத்திரி. மன்னிச்சுக்க" என்றான்.

பரவாயில்லை என்றேன். மனதார மன்னித்தேன்.

ஐந்தாம் பாகம் வெளியான அன்று முதல் காட்சிக்கு நீ அவனோடு போயிருந்தாய். அதுவரை எல்லோரோடும் சேர்ந்து சிரித்த பூட்டுக்காரன் கடைசியில் திடீரென்று, எனக்குக் காது கேட்காது என்று சொல்கிற இடத்தில் தியேட்டரே சிரித்ததே, உன் கையை அவன் விட்டானா, பிடித்துக்கொண்டானா? அதை மட்டும் அவன் என்னிடம் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் சொன்னான். கொஞ்ச நாளில் போன் செய்து, "மாத்திரையை எல்லாம் நிறுத்திட்டேன்டா. உன் தங்கச்சிகிட்ட சொல்லிடாதே" என்றான். உன் அம்மாவை அப்படித்தான் சொல்வான். உனக்கு எது நிம்மதியோ அதைச் செய் என்றேன். உன் அம்மாவிடம் சொல்லவும் இல்லை. நண்பனுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறுகிறவன் இல்லை. அவன் போன பிறகு சட்டைகளுக்கு அடியில் அட்டை அட்டையாக மாத்திரை கிடைத்தது என்று உன் அம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். நான்தான் தேற்றினேன்.

ஆக, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். உன் அப்பா தீர்ந்துபோகவில்லை. கடைசிவரை அவன் கை தேறிக்கொண்டேதான் போனது. ஒவ்வொரு பாகத்தையும் கெடுத்தது நான். அவனையும் நான்தான்.

அப்படிப் பார்க்காதே. எதையும் நான் அழித்துவிடவில்லை. அந்த ஹார்ட் டிஸ்கில் ஐந்தாம் பாகம் முழுதாக இருக்கிறது. அவன் போன பிறகு, அவன் எடுத்தபடியே, ஒவ்வொரு டேக்காகப் பார்த்துக் கோத்து வைத்திருக்கிறேன். தினம் மதியம் சாப்பிட்டதும் போட்டுப் பார்க்கிறேன். அவன் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். இப்போது நீயும்.

உனக்குத்தான் தரப்போகிறேன். நினைவுநாளன்று இதையே போடு, ஊர் பார்க்கட்டும். ஆனால் இன்றைக்கு வேண்டாம். கையை எடும்மா, அதை அங்கேயே வை. ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த மேசைக் காட்சியில், பூட்டுக்காரன் சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. நேற்றுப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. அதை மட்டும் நறுக்கிவிட்டுத் தருகிறேன்.