இலவசக் காவலாளி

வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காசு கொடுத்துப் பாதுகாப்பு மென்பொருள் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அலுவலகத்தில் கேட்கிறவர்களிடமும் இதையே சொல்கிறேன். இலவசமாகக் கிடைப்பவற்றிலேயே நல்லவை இருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் யார் உட்காரப்போகிறார்கள், அவர்களுடைய குணம் என்ன என்பதை மட்டும் முதலில் யோசிக்க வேண்டும். நான் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

எங்கள் வீட்டில் அதன் முன்னால் உட்கார்ந்தவர் என் அப்பா.

அப்பா ஓர் இரும்பு ஆலையின் வாசலில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாராக இருந்தாலும் முதலில் நிறுத்துவது, பிறகு யார் என்று கேட்பது. இதுதான் அவர் வேலை பார்த்த விதம். ஒருமுறை முதலாளியின் மாப்பிள்ளையையே அடையாள அட்டை இல்லை என்று மழையில் நிற்க வைத்திருக்கிறார். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் முதுகு தானாக நிமிரும். ஆலையின் சத்தம் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. மீதியை வயது தின்றது. தொலைபேசி அவருக்கு உதவாது. எதிரே இருப்பவரின் உதடுகளைப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும்.

அம்மா நாங்கள் சிறுமிகளாக இருக்கும்போதே போய்விட்டாள். நானும் தங்கையும் மட்டும். தங்கை தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு தொலைதூரத்துக்குப் போனாள். ஒருமுறை கையில் பையோடு திரும்பி வந்து வாசலில் நின்றாள். அப்பா கேட்டைத் திறக்கவில்லை. அவள் வெயிலில் வெகுநேரம் நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் அவள் வரவில்லை. நான் இருந்தேன். தண்ணீர் வரி அலுவலகத்தில் கணினிப் பிரிவில் வேலை, வீட்டில் அப்பாவின் மருந்து, துணி, குளியல், அவருடைய மௌனம். எனக்கு வரன் பார்ப்பதைப் பற்றி யாரும் பேசாமலே அந்தப் பேச்சு முடிந்துபோனது. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. விவரம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வருடங்கள் போயின. ஒருநாள் அப்பாவாகவே, "சின்னவ எப்படி இருக்காளோ" என்றார். நான்தான் தங்கைக்குச் சொன்னேன். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். சொன்னது நான். அவள் அழுதாள். அடுத்த மாதமே கேமரா பொருத்திய ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். முகம் பார்த்துப் பேசலாம், அப்பாவுக்கு உதடு தெரியும் என்றாள். நல்ல யோசனைதான். அது அவளுக்குத் தோன்றியிருக்கிறது, எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா காலையிலேயே முகம் மழித்துக்கொள்வார். இஸ்திரி போட்ட சட்டை கேட்பார். திரையில் அவள் முகம் வந்ததும் சலாம் வைப்பார்.

"வாட்ச்மேன் சார், உள்ள வரலாமா?" என்பாள் அவள்.

"பாஸ் இருக்கா?"

"அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கா. என்ன சூப்பர்வைசர், போட்டீங்கதானே?"

சூப்பர்வைசர் என்பது நான். சின்ன வயதிலிருந்து அவள் என்னை அப்படித்தான் கேலி செய்வாள். அப்பா சிரிப்பார். அவர் பற்கள் எத்தனை விழுந்திருக்கின்றன என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நான் பார்த்தேன்.

ஒருநாள் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றேன். அவருக்கு என் காலடி கேட்காது. தங்கை கேட்டாள், "பொழுது எப்படிப் போகுதுப்பா?"

"எப்படிப் போகும்? இங்க யாரு இருக்கா பேசறதுக்கு? நீ வந்தாதான் வீடு வீடா இருக்கு."

நான் டம்ளரை மேசையில் வைத்தேன். அவர் திரும்பிப் பார்க்காமலே எடுத்துக் குடித்தார். திரையில் தங்கை என்னைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் சங்கடப்பட்டது. சங்கடப்படாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் கெட்டது. இதில் எனக்குப் பங்கில்லை. பரிசு விழுந்திருக்கிறது என்று மின்னிய ஒரு விளம்பரத்தை அப்பாதான் அமுக்கினார். திரை முழுக்க அசிங்கமான படங்கள் வந்து விழுந்தன. அவர் எழுந்து நின்றுவிட்டார். வெளியே போனவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆயுசு பூரா ஒரு திருடனை உள்ள விட்டதில்ல. இப்ப என் கையாலயே விட்டுட்டேன்."

சுத்தம் செய்து கொடுத்த கடைக்காரர் நல்ல மனிதர். மூன்று இலவச மென்பொருள்களைப் பற்றி விளக்கினார். ஒன்று எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும், நம்மைத் தொந்தரவு செய்யாது. இன்னொன்றும் அப்படித்தான், இடையிடையே விளம்பரம் காட்டும். மூன்றாவது, எந்த நிரல் இணையத்தோடு பேச முயன்றாலும் ஒரு சிறு கட்டத்தைக் காட்டி நம்மையே கேட்கும். பச்சையை அமுக்கினால் விடும். சிவப்பை அமுக்கினால் தடுக்கும்.

"மூணாவது வேணாங்க அக்கா. தொணதொணன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். வீட்ல பெரியவங்க இருந்தா வெறுத்துப் போயிடுவாங்க."

"எங்க வீட்டுப் பெரியவருக்குக் கேட்டாதான் பிடிக்கும்" என்றேன்.

"பேசற நிரலைக்கூட நிறுத்திக் கேட்கும். ஒரு தடவை பச்சை கொடுத்து, பதிலை நினைவில் வைக்கச் சொல்லிடுங்க. அப்புறம் கேட்காது."

"தெரியும்" என்றேன். கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

வீட்டுக்கு வந்து அதை ஏற்றினேன். பதிலை நினைவில் வைக்கும் வசதியை அணைத்தேன். அதனால் ஒவ்வொரு முறையும் அது புதிதாகக் கேட்கும். கட்டத்தில் வருவது ஆங்கிலம். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும், பொருள் தெரியாது. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, என் உதடுகள் தெரியும்படி எதிரே குனிந்து நிதானமாகச் சொன்னேன்.

"இந்தக் கட்டம் வந்தா வெளியிலேர்ந்து யாரோ உள்ள வரப் பார்க்கிறாங்கன்னு அர்த்தம். தெரியாத ஆளா இருந்தா சிவப்பை அமுக்குங்க."

"தெரிஞ்ச ஆளுன்னா?"

"தெரிஞ்சவங்கன்னா பேரு பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்லப்பா."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் தலையாட்டினார். பல வருடங்களுக்குப் பிறகு யாரோ அவருக்கு வேலை கொடுத்த மாதிரி இருந்தது அந்தத் தலையாட்டல்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் முகம் மழித்து, சட்டை போட்டு உட்கார்ந்தார். தங்கை அழைக்கும் நேரத்தில் கட்டம் தோன்றியது. அதில் இருந்தது பேசும் நிரலின் கோப்புப் பெயர். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருக்கும். அவர் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். தங்கையின் பெயர் அதில் இல்லை. சிவப்பை அமுக்கினார். பிறகு தங்கைக்காகக் காத்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கட்டம் மறுபடி வந்தது. மறுபடி அமுக்கினார். அவள் அன்று விடாமல் முயன்றிருக்கிறாள்.

மாலையில் நான் கேட்டேன், "பேசினாளா?"

"இல்ல. ஆனா ஒருத்தன் வந்து வந்து பார்த்தான். ஒரு தடவைகூட விடல." அவர் முகத்தில் ஆலை வாசலின் களை வந்திருந்தது. "இவனுங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் லீவு கிடையாது போல."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதையும் மறைக்கப்போவதில்லை.

தங்கை என் கைப்பேசிக்கு அழைத்தாள். என்னுடையது பொத்தான் வைத்த பழைய வகை, பேச மட்டும்தான் உதவும்.

"அக்கா, அவர் உட்கார்ந்திருக்கார்னு பச்சைப் புள்ளி காட்டுது. கூப்பிட்டா துண்டாகிடுது. என்ன ஆச்சு?"

"அவரேதான் தடுக்கிறார்."

"ஏன்? நான் ஏதாவது தப்பாச் சொன்னேனா?"

நான் பேசாமல் இருந்தேன். மௌனம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கமானது. நான் அதில் தேறியவள். அந்த மௌனத்தில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் உரிமையை அவளுக்கே விட்டேன். அவள் அன்று திறக்காத கேட்டைப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் மன்னிக்கல, இல்ல?" என்றாள்.

வாரங்கள் அப்படிப் போயின. அவள் முயல்வது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்பாவின் சட்டையை நான் தவறாமல் இஸ்திரி போட்டேன். அவர் கேட்பார், "சின்னவ ஏன் கூப்பிடறதில்ல?" நான் சொல்வேன், "அவளுக்கும் குடும்பம் இருக்குல்லப்பா." அவளுக்குக் குடும்பம் இருக்கத்தான் செய்தது. பிறகு அவர் என்னோடு பேசத் தொடங்கினார். ஆலைக் கதைகள், அம்மாவைப் பற்றி, ஒருமுறை என் பள்ளிக்கூடத்தைப் பற்றியும். வேறு யாரும் இல்லாததால் பேசினார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பேசினார்.

மழைக்காலத்தில் நுரையீரலில் நீர் கோத்தது. மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். தங்கையிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"நான் வரணும்னு அவர் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொல்லல."

"சாகக் கிடக்கிற மனுஷன் முன்னாடி போய் நின்னு, அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டா என்னால தாங்க முடியாது அக்கா. அவருக்கும் அது வேணாம். ஒரு வார்த்தை, வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த வண்டியிலயே வர்றேன். நான் விடாம கூப்பிடறேன். ஒரு தடவையாவது எடுக்கச் சொல்லு."

"கம்ப்யூட்டரைக் கட்டில் பக்கத்துலயே வைக்கிறேன்" என்றேன். வைத்தேன். மேசையை நானே இழுத்துப் போட்டேன். மௌஸ் அவர் கைக்கு எட்டும்படி ஒரு பலகையும் வைத்தேன். பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, பெற்றால் இப்படி ஒரு மகளைப் பெற வேண்டும் என்றாள்.

கட்டம் வந்துகொண்டே இருந்தது. மூச்சு வாங்கினாலும் அப்பா ஒவ்வொன்றையும் தடுத்தார். "நான் படுத்துட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டான் பார், விட மாட்டேங்கறான்" என்றார்.

பிறகு ஒரு பிற்பகல். கட்டம் வந்தது. அவர் கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

"நீ அமுக்கு."

திரையில் பச்சை இருந்தது, சிவப்பு இருந்தது. பச்சையை அமுக்கியிருந்தால் அவள் முகம் வந்திருக்கும். அவர் வா என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை, அவர் கண்ணைப் பார்த்தாலே அவளுக்குப் போதும். நான் நன்றாக யோசித்தேன். பதற்றத்தில் செய்த காரியமில்லை. நான் அமுக்கினால் அது என் காரியமாகிவிடும் என்று தோன்றியது. அதனால் அவருடைய கையைத் தூக்கி மௌஸின் மேல் வைத்தேன். என் கையை அதன் மேல் வைத்து, அம்புக்குறியைச் சிவப்புக்கு நகர்த்தினேன்.

"நீங்களே அமுக்குங்கப்பா" என்றேன். "இத்தனை நாள் பார்த்த வேலை."

அவர் விரல் காய்ந்த குச்சி மாதிரி இருந்தது. அதற்குள் வலு இல்லை. நான் மேலிருந்து கொஞ்சம் பாரம் கொடுத்தேன். கட்டம் மறைந்தது. அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார், "சின்னவ வந்தா நான் தூங்கறேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடாத. எழுப்பு."

அன்று மாலை போய்விட்டார்.

தங்கை மறுநாள் வந்தாள். அவர் படுத்திருந்த அறையில் நின்று மேசையையும் பலகையையும் பார்த்தாள். அவருடைய நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"நேத்து மத்தியானம் கூப்பிட்டேன். அப்பவும் அவர்தான் தடுத்தாரா?"

"ஆமா. அவர் கையாலதான்."

"கடைசியா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் மெதுவாகத் தலையாட்டினாள், அதைத்தான் எதிர்பார்த்தவள் போல. அதற்குப் பிறகு அவள் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்று அவள் கணவன் சொல்கிறான். தூக்கத்தில் எழுந்துபோய் வாசலில் நிற்கிறாளாம். வைத்தியம் நடக்கிறது. அவள் மனது எப்போதுமே கொஞ்சம் பலவீனம்.

இந்த மொத்த விஷயத்திலும் நான் சொன்ன பொய், ஒண்ணும் சொல்லல என்ற அந்த ஒன்றுதான். அதற்காக வருந்துகிறேன், அதை ஒப்புக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன். மற்றபடி, என் அப்பாவை அவருடைய மகளிடமிருந்து பிரித்தது நான் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அவரோடு கடைசிவரை இருந்த மகள் நான்.