மூன்றாம் இருக்கையின் காலணிகள்

பெயர் நீல் ஹாக்ஸ்வர்த். வயது நாற்பத்தாறு. செயின்ட் வுல்ஃப்ரிக் கல்லூரிப் படகுக் கிளப்பில் படகுக்காப்பாளராக வேலை. முகவரி, ஆற்றங்கரைச் சாலையில் உள்ள அதே கிளப்பின் படகுக் கொட்டகை மாடி. 1988 ஜூன், பந்தய வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று சார்ஜென்ட் எச்சரித்த பிறகு, சுயநினைவோடு சொல்லி எழுதவைப்பது.

திருமதி வெரிட்டி லாங்ஸ்டாஃப் இன்று காலை ரயிலில் வருகிறார். அவர் கொட்டகைக்குப் போய்ச் சாம்பலைப் பார்ப்பதற்கு முன்னால் யாராவது ஸ்டேஷனில் அவரைப் பிடிக்க வேண்டும் என்று நேற்றிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். முதலில் அதை எழுதச் சொன்னேன். வரிசையாகச் சொல்லச் சொல்கிறார்கள், சொல்கிறேன்.

எங்கள் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய காலத்தில் ஆண்கள் கிளப் அவர்களுக்கு ஓர் ஓட்டைப் படகைக்கூடத் தரவில்லை. துடுப்புக்குப் பதிலாகக் கரண்டி தரட்டுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். அப்போது இமொஜென் லாங்ஸ்டாஃப் என்ற மாணவி எட்டுப் பேரைச் சேர்த்தாள், அவளுடைய அம்மா, அந்தத் திருமதி வெரிட்டிதான், தன் சொந்தப் பணத்தில் ஒரு புது தேவதாரு மரப் படகு வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு அந்தப் பெண் மூன்றாம் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு வருடம் துடுப்பு வலித்தாள், அதன் பிறகு ரத்தப் புற்றுநோய் வந்து இறந்தாள். அம்மா படகைக் கிளப்பிடமே விட்டுவைத்தார், 'இமொஜென்' என்று பெயர் எழுதினோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. துடுப்புப் படகில் காலணிகளைப் படகிலேயே திருகி வைத்திருப்போம். மூன்றாம் இருக்கையில் மகளின் காலணிகள் அப்படியே இருக்க வேண்டும் என்றார்.

அன்று முதல் வருடந்தோறும் பந்தய வாரம் முடிந்த ஞாயிறன்று அவர் வருவார். பெண்கள் அவரைச் சுக்கான் பிடிப்பவரின் இருக்கையில் உட்காரவைத்து 'இமொஜெ'னில் ஆற்றில் கூட்டிப்போவார்கள். கிளம்புவதற்கு முன் அவர் மண்டியிட்டு, மூன்றாம் இருக்கைப் பெண்ணின் காலில் அந்தக் காலணி நாடாவைத் தன் கையால் கட்டிவிடுவார். அந்தக் காலணிக்குள் கால் நுழைகிற பெண்ணைத்தான் அன்றைக்கு அந்த இருக்கைக்குத் தேடுவோம். இந்த வருடம் பத்தாவது வருடம்.

இனி எரிப்பதைப் பற்றி. எங்கள் பந்தயத்தில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும், முன்னால் போகிற படகை முட்டினால் மறுநாள் அதன் இடம் நமக்கு. கடைசி நாளில் முதலிடம் பிடித்த கிளப், ஒரு கழித்துப்போட்ட படகை எரிக்கும், அதை எல்லோரும் கைகோத்துத் தாண்டுவார்கள். பெயரோடு ஒரு படகை எரிக்கமாட்டோம். படகுக்காப்பாளர் பெயரைச் சுரண்டி, முட்டும்போது அடிபடாமலிருக்கப் படகின் மூக்கில் மாட்டிய வெள்ளை ரப்பர் பந்தைக் கழற்றி, காலணிகளையும் கழற்றி, கதவோரத் தாங்கியில் வைப்பார். ஜெயிப்பதற்கு முன்னால் இதைச் செய்தால் தோற்றுவிடுவோம் என்று பயம், அதனால் எந்தக் காப்பாளரும் முன்கூட்டிச் செய்ததில்லை. இந்த வருடம் கழித்த படகு 'மீன்கொத்தி'. அது பின்னால் தார்ப்பாயின் கீழ் பெயரோடுதான் கிடந்தது, இப்போதும் கிடக்கிறது. போய்ப் பாருங்கள்.

சனிக்கிழமை காலையில் நான் 'இமொஜெ'னை இறக்கிக் கதவோரத் தாங்கியில் வைத்தேன். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும். பழைய எழுத்து உதிர்ந்திருந்தது, அதைச் சுரண்டினேன். தங்க எழுத்தில் புதிதாக எழுதி அந்த அம்மாவைத் திகைக்கவைக்க வேண்டும் என்பது என் ஆசை. பந்து வெடித்திருந்தது, கழற்றினேன். மற்ற இருக்கைகளின் காலணிகளை ஏற்கெனவே பந்தயப் படகுக்கு எடுத்திருந்தோம். அதன் பிறகு மூன்றாம் இருக்கையின் காலணிகளையும் கழற்றி மாடிக்கு எடுத்துப்போய், தோலுக்கு எண்ணெய் போட்டு, புது வெள்ளை நாடா கோத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பெண்களிடம் சொன்னால் அந்த அம்மா ரயிலை விட்டு இறங்குவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

மாலையில் எங்கள் பெண்கள் முதலிடம் பிடித்தார்கள். பெண்கள் படகு முதலிடம் பிடிப்பது கிளப் வரலாற்றில் இதுதான் முதல் தடவை. நானும் கரையில் ஓடிக் கத்தினேன், அழுதேன். அதன் பிறகு, படகில் பெயர் எழுதித் தருகிற எழுத்துக்காரரைக் காலையில் சீக்கிரம் வரச் சொல்ல சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது வெயில் இன்னும் இறங்கவில்லை. புல்வெளியில் நெருப்பு எரிந்தது. சுக்கான் பிடிக்கும் டாம்சின் என்னைப் பார்த்து ஓடி வந்தாள்.

"நீல் சார், எங்க போய்த் தொலைஞ்சீங்க? எல்லாரும் தாண்டியாச்சு, நீங்கதான் பாக்கி! ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே படகை ரெடி பண்ணி வச்சிட்டீங்களே, அவ்வளவு நம்பிக்கையா எங்க மேல? எல்லாரும் அழுதுட்டோம் சார்."

மீன்கொத்தியை யார் எடுத்தது என்று கேட்டேன். கதவோரத்தில் இருந்ததைத்தான் கவிழ்த்துத் தோளில் தூக்கி வந்தோம் என்றாள். அப்படித் தூக்கும்போது தலை படகுக்குள்ளே இருக்கும், வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே ஆள் செய்த படகுகள், ஒரே மெருகு. பெயர், பந்து, காலணி, இந்த மூன்றில் ஒன்று இருந்திருந்தால்கூட அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். மூன்றையும் கழற்றியவன் நான்.

நெருப்புக்குள், காலணிகளைத் திருகி வைக்கிற மூன்றாம் இருக்கைக் கால்பலகை தெரிந்தது. இமொஜெனின் சின்னக் காலுக்காக அதை மட்டும் நான் முன்னால் தள்ளி அடித்திருந்தேன். "அடிப்பாவிகளா, அது இமொஜென்டி" என்று கத்தினேன். டாம்சின் முதலில் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. அதன் பிறகு நான் நெருப்புக்குள் கை விட்டேன். பலகை வரவில்லை. கையில் கட்டுப் போட்டிருப்பது அதனால்தான்.

கல்லூரிப் பொருளாளர் போலீசைக் கூப்பிட்டார். படகு திருமதி லாங்ஸ்டாஃபின் சொத்து, வேண்டுமென்றே எரிக்கவிட்டிருக்கிறேன் என்று புகார் கொடுத்தார். வசந்த காலக் கூட்டத்தில் நான் பேசியதையும் சொல்லியிருக்கிறார். அன்று காலை அந்தப் படகின் முனையில் என் மண்டை இடித்திருந்தது. "எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு, ஒருநாள் கொளுத்திட்டாத்தான் நிம்மதி" என்று சொன்னது உண்மை. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

சார்ஜென்ட் கேட்டது இது: "பேரச் சொரண்டினது நீங்க. பந்தக் கழட்டினது நீங்க. எரிக்கிற படகு வைக்கிற எடத்துல கொண்டுபோய் வச்சதும் நீங்க. தீ வைக்கிற நேரத்துக்குச் சரியா வெளிய போயிட்டீங்க. எல்லாத்துக்கும் மேல, ஷூவை மட்டும் காப்பாத்தி மாடியில வச்சிருக்கீங்க. எரியப்போவுதுன்னு தெரியாமலா?"

உண்மையைச் சொன்னால் எனக்கே பொய் மாதிரி கேட்கிறது. எழுத்துக்காரர் சாட்சி சொல்வார், ஆனால் அதுவும் நான் போட்ட நாடகம் என்று சொல்லலாமே. டாம்சினும் மற்றப் பெண்களும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களைத் திட்டாதீர்கள்.

காலணிகள் அந்த மேசைமேல் பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன. எண் ஒட்டியிருக்கிறார்கள். அவற்றை இன்றைக்கே அந்த அம்மாவிடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன், காலில்கூட விழுந்திருப்பேன். சார்ஜென்ட் நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார்.

"நீங்க மறுத்தா கேஸ் நடக்கும். அதுல ஷூதான் முக்கியமான சாட்சி, முடியற வரைக்கும் இங்கதான் இருக்கும். மாசக்கணக்குல ஆகும், வருஷம்கூட ஆகலாம். ஒத்துக்கிட்டா எங்களுக்கு அது தேவையில்ல."

"ஒத்துக்கிட்டா இன்னைக்கே குடுப்பீங்களா?"

"மேலதிகாரிகிட்டப் பேசி சாயங்காலத்துக்குள்ள குடுத்துடலாம். ஆனா யோசிங்க. வேலை போயிடும். அந்தம்மா உங்கள என்னன்னு நினைப்பாங்க?"

பத்து வருடமாக அந்த அம்மா என்னைக் "கண்ணு" என்று கூப்பிடுகிறார். இமொஜெனைக் கடைசியாகப் படகிலிருந்து தூக்கி இறக்கியவன் நான் என்பதால் வருடா வருடம் எனக்குத் தன் கையால் செய்த பழக் கேக் கொண்டுவருவார். இன்றும் கொண்டுவருவார். இனிமேல் என் முகத்தில் விழிக்கமாட்டார். அது எனக்குத் தாங்காது என்று சார்ஜென்டிடம் சொன்னேன். ஆனால் அவர் வெறுங்கையோடு ரயில் ஏறுவது அதைவிடத் தாங்காது.

எனவே எழுதிக்கொள்ளுங்கள். 'இமொஜென்' என்ற படகை எரியட்டும் என்று தெரிந்தே கதவோரத்தில் வைத்தவன் நான்தான். பெண்களுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. முன்னால் சொன்ன எதையும் அடிக்க வேண்டாம். வழக்குக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். காலணிகளைப் பையிலிருந்து எடுத்து, எண்ணைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். நாடாவைக் கட்டாமல்தான் வைத்திருக்கிறேன், யாரும் கட்டிவிட வேண்டாம்.

மேலே உள்ளதைச் சார்ஜென்ட் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. வலது கையில் கட்டு இருப்பதால் இடது கையால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) நீல் ஹாக்ஸ்வர்த்