யாரைக் கேட்டு எழுதினார்கள்?

ஹென்டர்சன் போகும் ரயிலில் எனக்கு எதிரே, இந்த நாட்டில் குடியேறிய இரண்டு பெண்கள். பிள்ளைகளின் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருந்த சம்பந்திகள். ஒருவர் மலேசியாக்காரர், மற்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சு எப்படியோ நாட்டுக்குத் தாவியது.

“சுதந்திரம் வாங்குறப்ப எங்க அரசியல் சட்டத்த எழுதுன கமிஷன்ல எங்க நாட்டு ஆளு ஒருத்தர்கூட இல்லீங்க. எல்லாரும் வெளிநாட்டுக்காரங்க,” என்றார் மலேசியாக்காரர்.

“எங்கட நாட்டைக் குடியரசாக்கேக்கை எங்கட தமிழ் ஆக்களும் சட்டம் எழுதின சபையில இருந்தவை. கேட்டதுகளைச் சேர்க்கேல்லை எண்டு இடையில எழும்பி வந்திட்டினம்.”

“அதுல வாழப்போறவங்கள ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

“ஓம், கேக்கத்தானே வேணும்.”

பேச்சு மறுபடி கல்யாணத்துக்குத் திரும்பியது.

“அப்ப தாலி எங்கட முறை, சாப்பாடு உங்கட முறை.”

“சரிங்க. கல்யாண ஹால் நம்ம பாபடோயிட்டோய் ஏரியாவுலயே பாத்துருவோம்.”

“பிள்ளையளிட்டச் சொல்லிப்போட்டியளோ?”

“ஹால புக் பண்ணிட்டுச் சொல்லிக்கலாம்.”